நாற்பத்தோராம் நாள் கடலுக்குள் போன தபால்காரர்

லிஃப்ட்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது அவர் ஒரு பல் மருத்துவமனையின் லிஃப்டுக்கு மேலே, கூரைப்பக்கம் குனிந்து நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே மாட்டியிருந்த நோயாளி கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், பத்தரைக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்னைத் தூக்க ஆள் வர்ற வரைக்கும் ஆகும்" என்றார் லிஃப்ட்காரர்.

இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் மீட்டார்கள். டாக்டர் ஆறு வாரம் படுக்கச் சொல்லிவிட்டார்.

இருபத்தேழு வருஷமாக அவருக்கு லிஃப்ட்தான் சோறு போடுகிறது. அதிலும் அவர் பார்ப்பவை பெரும்பாலும் தாய் தகப்பன் இல்லாத லிஃப்டுகள். செய்த கம்பெனி மூடிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். உதிரி பாகம் கிடைக்காது, போன் பண்ணினால் எடுக்க ஆள் இருக்காது. ஆனால் ஜனங்கள் தினமும் ஏறுவார்கள், இறங்குவார்கள். அந்த மாதிரி லிஃப்டின் மின்பெட்டியைத் திறக்கும்போது, கதவின் உட்பக்கம் வயரிங் வரைபடம் ஒட்டியிருந்தால், முகம் தெரியாத அந்தப் பழைய மெக்கானிக்கை "மகராசன், நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துவார். ஒட்டாமல் போயிருந்தால் அவர் சொல்வதை அச்சில் போட முடியாது.

பழுதான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு வராது. படுத்த முதல் வாரத்திலேயே சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தார். பிறகு வாசல் அழைப்பு மணியைக் கழற்றி மாட்டினார். அதற்கப்புறம் அந்த மணி, யாராவது கதவைத் திறந்து வெளியே போகும்போது மட்டும் அடித்தது.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாளெல்லாம் நரம்பு தேடி ஊசி குத்துபவர், அதனால் பொறுமைக்குப் பஞ்சமில்லாதவர். ஆனால் மணி விஷயத்தில் அவருக்கே பொறுமை போய்விட்டது. மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பை எடுத்து வந்து கணவரின் வயிற்றின்மேல் வைத்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கோ பாருங்க. ஆனா பிரிக்காதீங்க. ஸ்க்ரூ டிரைவரை நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன்."

சொன்னபடி கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

லேப்டாப்பில் மகள் எப்போதோ வாங்கிப் போட்ட விளையாட்டு ஒன்று இருந்தது. பெயர் 'தீவுத் தபால்'. பெரிய கம்பெனி செய்ததல்ல. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்தது. தொடக்கத் திரையில் 'ஈரத் துண்டு' என்று மட்டும் ஒரு பெயர். முப்பது பேர் வசிக்கும் சின்னத் தீவு. அங்கே ஒரு தபால் நிலையம், ஒரு தபால்காரர், ஒரு கழுதை. ஆடுபவர்தான் தபால் அதிகாரி. வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும், பையில் போட்டுத் தபால்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் கழுதையோடு மெதுவாக ஊரைச் சுற்றி வருவார். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, யாரும் யாரையும் துரத்துவதில்லை. பின்னால் ஒரு அக்கார்டியன் வாத்தியம் முனகிக்கொண்டே இருக்கும்.

லிஃப்ட்காரர் மயங்கிப் போனார். மத்தியானம் மனைவி போன் செய்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இரு, கலங்கரை விளக்கத்துக்கு ஒரு பார்சல் இருக்கு" என்பார். தீவில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டுக் கடிதம் எப்போதும் ஈரமாக வரும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

தீவில் நாற்பத்தோராம் நாள் வந்தது. தபால்காரர் வழக்கம்போலப் பையை வாங்கினார். கழுதையைக் கரையில் நிறுத்தினார். நேராகக் கடலுக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, கழுத்து, தொப்பி. அவ்வளவுதான். திரும்பி வரவில்லை. மறுநாள் கடிதங்கள் குவிந்தன. பையை வாங்க ஆள் இல்லை. நாள் நகரவில்லை. கழுதை கடலைப் பார்த்து நின்றது.

தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று முதலிலிருந்து ஆடினார். நாற்பத்தோராம் நாள் மறுபடி முழங்கால், இடுப்பு, கழுத்து, தொப்பி.

விளையாட்டை விற்கும் இணையப் பக்கத்தில் 'இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, விரைவில் புதிய தீவுகள்!' என்று போட்டிருந்தது. போட்ட தேதியைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஈரத் துண்டிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்தின் அடியில் கருத்துச் சொல்லும் இடத்தில் பதினேழு பேர் இன்னும் குடியிருந்தார்கள். எல்லோருக்கும் புனைபெயர்கள். 'ஞாயிறு மட்டும்' என்பவர், "பாதியில் நின்றாலும் நாற்பது நாள் சந்தோஷமாக இருந்தோமில்லையா, அது போதும்" என்று எழுதுவார். 'கோபக்கார ஸ்டாம்ப்' என்பவர் மாதம் தவறாமல் ஈரத் துண்டுக்கு ஒரு வசவுக் கடிதம் எழுதுவார். "செய்ய முடியாவிட்டால் விளையாட்டை இயக்கும் மூல நிரலை வெளியே கொடுத்துவிட்டுப் போ! நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!" என்று ஒவ்வொரு கடிதமும் முடியும். இன்னொருவர், தபால்காரரிடம் பையைக் கொடுக்காமல் கழுதை முதுகில் வைத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து பதினொரு பக்கம் எழுதியிருந்தார். ஒன்றும் ஆகாது என்பதுதான் முடிவு.

லிஃப்ட்காரரும் 'மூன்றாம் மாடி' என்ற பெயரில் சேர்ந்து எழுதினார். "கம்பெனி மூடுவது குற்றமில்லை. ஆனால் வரைபடத்தைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு மூட வேண்டும்." பன்னிரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். வாழ்க்கையில் அவர் சொன்னதைப் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் மனைவி வந்ததும் எண்ணிக் காட்டினார்.

ஐந்தாவது வாரம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தீவின் தபால் நிலையக் கதவில் ஒரு சின்ன அறிவிப்பு உண்டு. தினமும் பார்த்ததுதான், படித்ததில்லை. அன்றைக்குப் பெரிதாக்கிப் படித்தார்.

'கதவில் சாயாதீர்கள். கதவிர்க்குக் கோபம் வரும்.'

மறுபடி படித்தார். அது அவர் எழுதியது. 'கதவிற்கு' என்பதைக் 'கதவிர்க்கு' என்று எழுதுகிற ஆள் உலகத்தில் பலர் இருக்கலாம். ஆனால் கதவுக்குக் கோபம் வரும் என்று எழுதியவர் அவர் ஒருவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், பேக்கரிக்கு மேலே இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில், அடிக்கடி சிக்கிக்கொள்ளும் ஒரு லிஃப்டுக்காகத் தன் கையாலேயே அட்டையில் எழுதி ஒட்டினார். அப்படியானால் ஈரத் துண்டு அந்த லிஃப்டில் ஏறி இறங்கியவர்.

ஆறாவது வாரம் முடிந்து எழுந்த அன்றே, யாரும் கூப்பிடாமலே அந்தக் கட்டடத்துக்குப் போனார். காவலாளி அவரை மறக்கவில்லை. இங்கே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தவர் யாராவது இருந்தாரா என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"கம்ப்யூட்டர்ல பொம்மை படம் போட்டுட்டே இருப்பாங்களே, அந்த அம்மாவா? நாலாவது மாடி. அவங்க காலி பண்ணி மூணு வருஷம் ஆச்சு. இப்போ டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறாங்க. மேல போர்டு வெச்ச மஞ்சள் கார்ல தினம் இந்தப் பக்கமாத்தான் போவாங்க."

நேரே போய் "நீங்கதானே ஈரத் துண்டு?" என்று கேட்டிருக்கலாம். நியாயமான மனிதர் அப்படித்தான் செய்வார். ஆனால் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றபோது லிஃப்ட்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் "என்ன வேணும்?" என்று கேட்க, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"லைசென்ஸ் இருக்கு. ஆனா ஓட்ட பயமா இருக்கு."

இருபது வருஷமாக ஏணியும் இரும்புச் சாமானும் ஏற்றிய வேனைச் சந்து பொந்தெல்லாம் ஓட்டுபவர் அவர். 'பயம் நீக்கும் பத்து வகுப்புகள்' என்ற அட்டையை அவர் கையில் கொடுத்தார்கள்.

டிரைவிங் மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். அதிகம் பேசவில்லை. தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கின்மேல் எப்போதும் பாதத்தை வைத்திருந்தார். முதல் வகுப்பில் லிஃப்ட்காரர் பயந்தவராக நடித்தார். அதாவது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடப்பவர்களை விட மெதுவாக ஓட்டினார். இரண்டாவது வகுப்பில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. ஒரு கையால் லேசாக ஒடித்து, லாரிக்கும் சுவருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடியை இறக்கி, லாரிக்காரரின் பார்வையைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

மேடம் அவரையே பார்த்தார். "பயம் உங்களுக்கா, லாரிக்காரருக்கா?"

"பயத்துலதான் திட்டினேன் மேடம்."

மூன்றாவது வகுப்பில் எப்படியாவது பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

"மேடம், உங்களுக்குத் தபால்னா பிடிக்குமா?"

"ரோட்டைப் பாருங்க சார்."

கொஞ்ச தூரம் போனது. மறுபடி ஆரம்பித்தார்.

"கழுதை?"

"எங்கே?" என்று அலறி மேடம் பிரேக்கை மிதித்தார். கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரர் டிக்கியைத் தட்டிவிட்டுப் போனார். அதோடு அந்த வகுப்பு முடிந்தது.

இதற்குள் வீட்டில் சட்டை துவைக்கப் போட்டார்கள். பையிலிருந்து 'பயம் நீக்கும் பத்து வகுப்புகள்' அட்டை வந்தது. மனைவி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பயிற்சியாளர் என்ற இடத்தில் ஒரு பெண் பெயர். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எதைக் கண்டுங்க பயம்?"

லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். தீவு, கழுதை, கதவு, கோபக்கார ஸ்டாம்ப், காவலாளி. மனைவி அட்டையை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"வேற பொம்பளை விஷயமா இருந்தாக்கூட ஊரு உலகத்துல நடக்கிறதுன்னு விட்டிருப்பேன்" என்றார் கடைசியில். "ஒரு பொம்மைத் தபால்காரனுக்காக ஆளை மோப்பம் பிடிச்சுட்டுப் போயிருக்கீங்க. அவங்க விட்டுட்டாங்கன்னா விட்டுட்டாங்க. எதுக்குத் துரத்தணும்? நாளைக்கு அந்தப் பொண்ணு போலீசுக்குப் போனா என்ன சொல்வீங்க, லிஃப்ட் பார்க்க வந்தேன்னா?"

"அப்போ என்ன பண்ணச் சொல்ற?"

"உண்மையைச் சொல்லி மன்னிப்பு கேளுங்க. நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா அஞ்சாவது வகுப்புல ஆட்டைப் பத்திக் கேட்பீங்க."

நான்காவது வகுப்புக்கு மனைவி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர் பயத்தைப் பார்க்க வந்தேன்" என்று மட்டும் மேடத்திடம் சொன்னார். மைதானத்தின் ஓரமாகக் கார் நின்றது. லிஃப்ட்காரர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, வண்டி ஓடாதபோதும் ரோட்டைப் பார்த்தபடி பேசினார்.

"மேடம், எனக்கு பயமெல்லாம் ஒண்ணும் இல்லை. தீவுத் தபால் ஆடினேன். அதுல இருக்கிற கதவு போர்டு நான் எழுதினது. அதை வெச்சு உங்களைக் கண்டுபிடிச்சேன். தப்புதான். மன்னிச்சுக்கணும்."

மேடத்தின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "அந்த 'கதவிர்க்கு' நீங்களா?" என்றார். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலிருந்து மனைவிதான் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. ஆறு வாரமா இவர் புலம்பிக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆர்வம் வந்துருச்சு. அந்தத் தபால்காரர் ஏன் கடலுக்குள்ள போறாரு? என்ன கோளாறு அது?"

"கோளாறு இல்லைங்க" என்றார் மேடம். "நான்தான் இறக்கிவிட்டேன்."

"ஏன்?"

"அந்தத் தபால்காரர் முகம் என் வீட்டுக்காரர் முகம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அது. நான் படம், நிரல் எல்லாம். அவர் பாட்டு. பிரிஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், கையில வேற ஒண்ணும் இல்லை. தூக்கிக் கடல்ல போட்டேன். அப்படியே எல்லாருக்கும் அனுப்பிட்டேன். மறுநாள் எடுத்துடலாம்னுதான் நினைச்சேன்."

பின் இருக்கையில் மனைவி சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கார் மெல்ல ஆடியது. "பதினோரு பக்கம்!" என்று திணறினார். "யாரோ ஒரு புண்ணியவான் கழுதையை வெச்சுப் பதினோரு பக்கம் எழுதியிருக்காரும்மா!" மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கும் வந்துவிட்டது. லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் போன தொப்பியை நினைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர்மேல் அவருக்கு இதுவரை இல்லாத இரக்கம் வந்திருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் கேட்டார். "மறுநாள் ஏன் எடுக்கலை மேடம்?"

"மறுநாள் காலையில எழுந்து பார்த்தா நாற்பது பேர் எழுதியிருந்தாங்க. அதுல முப்பது வசவு. பதில் போடலாம்னு உட்கார்ந்தேன், இன்னும் இருபது வந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கை வரலை."

"நான் பார்க்கிற லிஃப்டெல்லாம் கம்பெனி மூடினதுதான்" என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். "மூடட்டும், அது அவங்க இஷ்டம். ஆனா வரைபடத்தைப் பெட்டிக்குள்ள ஒட்டிட்டுப் போனா, பின்னால வர்றவன் பார்த்துப்பான். உள்ளே என்னோட பதினெட்டு பேர் மாட்டியிருக்கோம் மேடம்."

"லிஃப்ட்ல மாட்டினவங்க மணியை அமுக்குவாங்க, நீங்க போவீங்க, கதவைத் திறப்பீங்க, வீட்டுக்கு வந்துடுவீங்க" என்றார் மேடம். "எனக்கு அந்த மணி மூணு வருஷமா நிக்கலை. உள்ளே மாட்டினது நான் சார். நீங்க எல்லாரும் வெளியே நின்னு அமுக்கிட்டு இருந்தீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால், அது எந்தக் கட்டடம் என்று பார்ப்பதற்கு முன்பே அதைத் தலையணைக்கடியில் தள்ளுவது லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். டிரைவிங் ஸ்கூல்வரை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்து, சுவரோரம் ஒரே மூச்சில் பின்னோக்கி நிறுத்தினார்.

"இனி தொந்தரவு பண்ண மாட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் 'மூன்றாம் மாடி' பதினேழு பேருக்கும் எழுதினார். 'செய்தவரைப் பற்றி விசாரித்தேன். அவர் நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிற மனிதர். களைத்துவிட்டார். யாரும் இனிமேல் திட்டி எழுத வேண்டாம். நின்றது நின்றதாக இருக்கட்டும்.' 'ஞாயிறு மட்டும்' உடனே ஒரு பூப்படம் போட்டார். 'கோபக்கார ஸ்டாம்ப்', 'மூன்றாம் மாடி விலை போய்விட்டார்' என்று எழுதினார்.

ஒன்பதாவது நாள் டிரைவிங் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. மேடம்தான்.

"சார், ஆறு வகுப்பு மிச்சம் இருக்கு. வாங்க."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே மேடம்."

"தெரியாது. நீங்க திரும்பும்போது சிக்னல் போடறதே இல்லை. வட்டச் சந்திப்புல யாருக்கும் வழி விடறதில்லை. கண்ணாடியைப் பார்க்கறது இல்லை. இருபது வருஷமாத் தப்பா ஓட்டியிருக்கீங்க. வாங்க."

போனார். சிக்னல் போடாததற்கு இரண்டு தடவை திட்டு வாங்கிய பிறகு, மேடம் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார்.

"முழு நிரலும் இருக்கு. படங்களும் இருக்கு. உங்க ஆளுங்க யார் கிட்ட வேணாலும் குடுங்க. மூணு விஷயம். என் பேர் வெளியே வரக் கூடாது. எங்கிட்ட யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது, 'இந்த வரி எதுக்கு'ன்னு கூட. அப்புறம் தபால்காரர் முகத்தை மாத்திடணும்."

"ஏன் மேடம், மனசு மாறினீங்க?"

"நீங்க எழுதினதைப் படிச்சேன். மூணு வருஷம் கழிச்சு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதல்ல அதுதான் இருந்துச்சு." அவர் தன் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். "அந்தக் கோபக்காரர் இன்னும் எழுதறாரா? கண்ணாடியைப் பாருங்க, இடது பக்கம் வண்டி வருது."

ஒரு சிக்கல் இருந்தது. பாட்டு மேடத்துடையதல்ல. அதற்கு மாஜி கணவரின் சம்மதம் வேண்டும். அவரோடு மேடத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. "நீங்க போய்க் கேளுங்க" என்று கடை விலாசத்தைக் கொடுத்தார்.

மாஜி கணவர் காதுகேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்த்தார். லிஃப்ட்காரர் உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், தொப்பி இல்லாமல், தீவுத் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். அதே மூக்கு, அதே தொங்கிய கண். நாற்பது நாள் தினமும் பார்த்துப் பழகிய முகம். "எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார் லிஃப்ட்காரர்.

அவர் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகிய உரத்த குரலில், "காலையில ஒன்பது மணிக்கு அண்ணே!" என்றார்.

லிஃப்ட்காரர் விஷயத்தைச் சொன்னார். கடலைப் பற்றியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மாஜி கணவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தொப்பியோடவா?"

"தொப்பிதான் கடைசி."

"அவ செய்யக்கூடியவதான்" என்றார், ஏதோ பெருமை மாதிரி. "கழுதை எப்படி இருக்கு? அது கத்துறது நான்தான் அண்ணே. குளியலறையில நின்னு பதிவு பண்ணினேன். கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க." பாட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஆனா முகத்தை மாத்தக் கூடாது. அவ என்னை வரைஞ்சது அது ஒண்ணுதான்."

மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர், மாற்றக் கூடாது என்கிறார் இன்னொருவர். லிஃப்ட்காரர் மூன்று வாரம் காருக்கும் கடைக்குமாக நடந்தார். போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது ஒரு வார்த்தை. "அவருக்கு என்ன உரிமைன்னு கேளுங்க." "அவளோட உரிமைக்கு நான் என்ன குறுக்கே நிக்கிறேனான்னு கேளுங்க." இரண்டையும் கொஞ்சம் மழுக்கித்தான் எடுத்துச் சென்றார்.

முடிச்சை அவிழ்த்தவர் மனைவி. ரத்த மாதிரிக் குப்பிகளில் ஒட்டும் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "கடல்ல மூணு வருஷம் இருந்தவர் ஷேவ் பண்ணிட்டா வருவாரு? தாடி வெச்சு விடுங்க. கீழ அதே முகம் இருக்கட்டும்."

மேடத்திடம் சொன்னதும் யோசித்தார். "தாடி வெச்சா அவங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. சரி." கடைக்காரரும் யோசித்தார். "கீழ நான்தானே இருக்கேன்? சரி அண்ணே."

அப்படியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் தீவுத் தபாலின் நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டது. பதினேழு பேரும் பாய்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சண்டை வந்தது. ஒருவருக்கு டிராகன் வேண்டும். ஒருவருக்குத் தீவில் தேர்தல் வேண்டும். வேலை செய்ய வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் லிஃப்ட்காரர் ஒருவர். நிரல் என்பதை அதற்குமுன் கண்ணால் பார்த்திராதவர், வயரிங் வரைபடம் படிப்பதைப் போல விரலை வைத்து, இது இங்கே போகிறது, இது அங்கே வருகிறது என்று பத்து நாள் படித்தார். பிறகு தபால்காரரைக் கடலிலிருந்து வெளியே கொண்டுவரும் வரியைத் தானே எழுதினார்.

தபால்காரர் வந்தார். தாடியோடு, நீர் சொட்டச் சொட்ட. கரையில் ஏறினார். அவர் பின்னால் இன்னொரு தபால்காரர் வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். நிறுத்த மறந்துவிட்டார். அரை மணி நேரத்தில் கடற்கரையில் நூற்றுப் பன்னிரண்டு தாடிக்காரத் தபால்காரர்கள் கழுதையைச் சுற்றி நின்றார்கள். மனைவிக்கு அதன் படத்தை அனுப்பினார். மனைவி பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் காட்டினார்.

அதைச் சரிசெய்தவர் கோபக்கார ஸ்டாம்ப். இரண்டே வரியில் முடித்தார். ஆள் வேலை தெரிந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. விளையாட்டு மறுபடி உயிர் பெற்றதும் புதிதாக நானூறு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஸ்டாம்ப் தானே ஏற்றுக்கொண்டார். இரண்டாவது மாதம் யாரோ ஒருவர், 'கழுதை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று எழுதினார். ஸ்டாம்ப் மூன்று நாள் பதில் போடவில்லை. நான்காவது நாள் எழுதினார். 'நாங்களும் மனிதர்கள்தான். வேலை முடிந்து வந்துதான் இதைப் பார்க்கிறோம். தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.' அதற்குக் கீழே 'ஞாயிறு மட்டும்' ஒரு பூப்படம் போட்டார்.

லிஃப்ட்காரர் பத்து வகுப்பையும் முடித்தார். கடைசி நாள் வைத்த சோதனையில் மேடம் அவருக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. வட்டச் சந்திப்பில் இன்னும் வழி விடுவதில்லை என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஈரத் துண்டு யார் என்று லிஃப்ட்காரர் இன்றுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. மேடமும் சொன்னபடி ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. ஆனால் சில வாரங்களில் பெயரில்லாத யாரோ ஒருவர் தீவின் மேகங்களை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டுப் போகிறார்.

தீவு இப்போது இருநூறு நாளைத் தாண்டிவிட்டது. எப்படி முடிப்பது என்பதில் ஒத்துப்போக முடியாததால் முடிக்கவில்லை. கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டில் லேப்டாப் இப்போது மனைவியிடம் இருக்கிறது. ஆடத் தொடங்கி அறுபத்து மூன்றாம் நாளில் இருந்தவர் ஒருநாள் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, தபால் நிலையத்துல இவ்வளவு பேர் வரிசையில நிக்கிறாங்க. வயசானவங்க ரெண்டு பேர். ஒரு நாற்காலி போடக் கூடாதா?"

"எழுதிப் போடு. ஸ்டாம்ப் பார்ப்பார். முறைப்படிதான் வரணும்."

"நான் யாருன்னு தெரியும்ல?"

லிஃப்ட்காரர் அன்று மத்தியானமே நாற்காலி போட்டார். மூன்று நாற்காலி, தபால் நிலையச் சுவரோரமாக. மனைவி பார்க்க உட்கார்ந்தபோது முதல் நாற்காலியில் கழுதை உட்கார்ந்திருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மனைவி. "இத்தனை நாள் நின்னுச்சே."